கணவர் பெயர் கேட்கக் கூடாது

1971-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய கருக்கலைப்புச் சட்டத்தில் 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்று ஓர் இடம் உண்டு. 2021-இல் அதை 'பெண் அல்லது அவள் துணைவர்' என்று மாற்றினார்கள். ஒரு வரியைத் திருத்த ஐம்பது வருஷம் ஆயிற்று. எங்கள் ஆஸ்பத்திரியில் அதே திருத்தத்தை 1972 ஆடி மாதத்தில், ஒரு மத்தியானக் கூட்டத்தில், காப்பி ஆறுவதற்குள் செய்து முடித்தோம். செய்தவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் செய்தது அதுதான் என்று கடைசி வரை தெரியாது.

இதை எழுதச் சொன்னவள் என்னிடம் வேலை பழகிய நர்ஸ் ஒருத்தி. இப்போது அவள் நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறாள். சட்டம் மாறிய செய்தி வந்ததும் தன் வகுப்புக்கு என்னைக் கூட்டிப் போனாள். அங்கே இரண்டு பெண்கள் எழுந்து சண்டை போட்டார்கள். ஒருத்தி 'கொலை' என்றாள். இன்னொருத்தி 'உரிமை' என்றாள். கால் மணி நேரம் இரண்டு சொல்லும் வகுப்பில் இங்கும் அங்கும் பறந்தன. பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்கள். எங்கள் காலத்தில் அந்த இரண்டு சொல்லும் வார்டுக்குள்ளேயே வந்ததில்லை என்றேன். வயதானவள் மழுப்புகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் 1937-இல் தாராபுரத்தில் பிறந்தவள். 1955-இல் கோயமுத்தூரில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்து 1958-இல் முடித்தேன். படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒரே மாதிரி மடிக்கவும், டாக்டர் தவறாகச் சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சரியாகச் செய்யவும் அந்த மூன்று வருஷத்தில் கற்றேன். பிறகு திருப்பூர். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாதமும் வருஷமும் மட்டும் நிஜம். அவற்றை மாற்ற எனக்கு மனசு வராது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கருவைக் கலைப்பது குற்றம். கலைத்தவளுக்கும் கலைத்துவிட்டவளுக்கும் ஜெயில். ஆகவே எங்கள் வார்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. இரத்தப்போக்கோடு வந்த பெண்கள் எல்லாரும் வழுக்கி விழுந்தவர்கள். கிணற்றடியில் வழுக்கினார்கள், மாட்டுக்கொட்டகையில் வழுக்கினார்கள். மூன்று வருஷம் மழை பொய்த்துக் கிணறெல்லாம் வறண்டு கிடந்த காலத்திலும் கிணற்றடியில் விடாமல் வழுக்கினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒருவர், "ஏனுங்க சிஸ்டர், இந்த ஜில்லாவுல பொம்பளைக நேரா நடக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் 'வழுக்கி விழுந்ததால்' என்றே எழுதிக்கொண்டு போனார். 1963-இல் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்து வந்த ஒரு பெண் என் கண் முன்னால் செத்துப்போனாள். காகிதத்தில் அது காய்ச்சல்.

பெண்களின் பேச்சிலும் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளை வேண்டும் என்று இருப்பவள், "முழுகாம இருக்கறனுங்க" என்பாள். வேண்டாம் என்று இருப்பவள், அதே மாதத்தில், அதே உடம்போடு வந்து, "நாள் தள்ளிப் போச்சுங்க" என்பாள். வேண்டும் என்றால் அங்கே பிள்ளை இருந்தது. வேண்டாம் என்றால் காலண்டரில் ஒரு தேதி இருந்தது. மருத்துவப் புத்தகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதில் இரண்டுக்கும் சேர்த்து வாயில் நுழையாத ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. எனக்கு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரி கூடப் பார்த்ததில்லை.

1967-இல் டாக்டர் கோமதி வந்தார். தஞ்சாவூர்க்காரர். எங்கள் ஊர்ப் பேச்சில் வரும் 'ங்க'வைக் கேட்டு முதல் வாரம் மிரண்டுபோனார். "சிஸ்டர், அந்தம்மா என்னைத் திட்டறாங்களா, கும்பிடறாங்களா?" என்று கேட்டார். "திட்டறதுதானுங்க. மரியாதையாத் திட்டறாங்க" என்றேன்.

அவருடைய ஒரு முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிந்ததும் பெண்ணிடம் கேள்வி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். சுவரோரத்துக் குழாயடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவ ஆரம்பிப்பார். சோப்பை முழங்கை வரை தேய்ப்பார், விரல் இடுக்குகளைத் தேய்ப்பார், நகத்துக்குத் தனி பிரஷ். தண்ணீர் ஓடும் சத்தத்தில் அந்தப் பெண் மெல்லப் பேச ஆரம்பிப்பாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சொல்லி முடிக்காவிட்டால் டாக்டரம்மா இன்னொரு தடவை சோப்புப் போடுவார். நடுவில் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். ஒரு தடவை நான், "கலைக்கணும்னு வந்தியா அம்மிணி?" என்று கேட்டுவிட்டேன். வெளியே கூப்பிட்டு, "அவ வாயில வராத சொல்லை நாம போடக் கூடாது. அப்புறம் அவ நம்ம சொல்லுக்குப் பதில் சொல்வா. அவ விஷயத்தைச் சொல்ல மாட்டா" என்றார்.

கைக்குட்டை சைஸ் துண்டு ஒன்றில் அவர் கை துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சில நாள் அந்தக் கை சோப்பில் வெளுத்துப் போயிருக்கும்.

1971-இல் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கும் வந்தது. அந்தத் தேதியைப் பார்த்து, முட்டாள்கள் தினமா என்று டாக்டரம்மா சிரித்தார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு போர்டு வைக்க வேண்டும் என்றார்கள். போர்டில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய ஆலோசனைக் குழு கூடியது.

குழுவில் நான்கு பேர். பெரிய டாக்டர்தான் எங்களுக்கெல்லாம் தலைவர். நல்லவர். ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார். நாச்சிமுத்து, நகராட்சிக் கவுன்சிலர், பனியன் கம்பெனி முதலாளி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரைப் புலவர் என்றே கூப்பிடுவோம். நான்காவது டாக்டரம்மா. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நடப்பதை எழுத வேண்டும்.

பெரிய டாக்டர் 'மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்ஸி' என்று சட்டத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே போடலாம் என்றார். நாச்சிமுத்து துள்ளினார். "வேண்டாமுங்க டாக்டர். டெர்மினேஷன்னா எங்க ஊர்ல வேலையை விட்டு நிறுத்தறது. நாளைக்கே யூனியன்காரன் கொடியோட வந்து நிப்பான்."

கருச்சிதைவு என்று போடலாமா என்றதற்கு, அது பழைய சட்டத்தில் குற்றத்தின் பெயர் என்றார் பெரிய டாக்டர். கருக்கலைப்பு என்று சொன்னதும் நாச்சிமுத்து காதைப் பொத்தினார். "தேர் வர்ற வீதியிலயாங்க அதை எழுதறது? பொம்பளைப் புள்ளைக பள்ளிக்கூடம் போற வழிங்க." புலவர் கண்ணை மூடி யோசித்து, "கருவகற்று மருத்துவப் பணிமனை" என்றார்.

"ஐயா, அதைப் படிச்சு முடிக்கவே மூணு மாசம் ஆயிருமுங்க. அதுக்குள்ள சட்டத்துல சொன்ன தவணை தாண்டீரும்" என்றார் நாச்சிமுத்து.

புலவருக்குக் கோபம். உள்ளே இருப்பதைச் சிசு என்பதா கரு என்பதா என்று அவர் திரும்பக் கேட்டார். சிசு என்றால் பெயர் வைக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். கரு என்றால் முட்டை ஞாபகம் வருகிறது என்றார் நாச்சிமுத்து. அவர் சைவம். மூன்று ஆண்களும் மூன்று கூட்டம் பேசினார்கள். எந்தப் பெண்ணை மனதில் வைத்து இந்த போர்டு என்பதை ஒருவரும் ஒரு தடவையும் சொல்லவில்லை. டாக்டரம்மா உட்கார்ந்து கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழாய் இல்லை.

கடைசியில் ஆனி மாதம் போர்டு வந்தது. 'பெண்கள் சிறப்புப் பிரிவு. செவ்வாய், வெள்ளி.' யாருக்கும் வருத்தமில்லாத போர்டு. முதல் செவ்வாய்க்கிழமை வந்தவர்களில் காது வலிக்காரிகள் இருந்தார்கள், மூட்டு வலிக்காரிகள் இருந்தார்கள். சிறப்பு என்று போட்டிருப்பதால் நல்ல மாத்திரை கிடைக்கும் என்று ஊத்துக்குளியிலிருந்து ஒரு கிழவி பஸ் ஏறி வந்திருந்தாள். அவளுக்கு இருமல்.

போர்டு யாருக்கு வேண்டியிருந்ததோ அவர்களும் வந்தார்கள். போர்டைப் பார்த்து வரவில்லை. பனியன் கம்பெனிகளில் பெண்கள் நூல் பிசிர் வெட்டிக்கொண்டே பேசிக்கொள்வதில் செய்தி பரவிவிட்டது. அவர்களுக்கு வேறொரு தடை இருந்தது. ரங்கசாமி.

ரங்கசாமி எங்கள் ரிக்கார்டு கிளார்க். உள்ளே படுக்கை வேண்டும் என்றால் அவர் மேஜைக்குப் போய்ப் பெயர், வயது, கணவர் பெயர் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் சிக்கல். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெயரில் ஊர் இருந்தால் அந்த ஊரையும் சொல்ல மாட்டார்கள். எனவே ரங்கசாமி கேட்பார்:

"சாமி பேருங்களா?"

தலையாட்டுவாள்.

"பெருமாளா, முருகனா?"

சிரிப்பாள்.

"முருகன்தான். ஆறுமுகமா? வேலுச்சாமியா? தண்டபாணியா? மயிலு சம்பந்தப்பட்டதா?"

சரியான பெயர் வந்ததும் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ரங்கசாமி பேனாவைத் திறப்பார். இந்த விளையாட்டில் அவருக்கு ஊரிலேயே போட்டியில்லை. திருப்பூரில் முருகன் பெயர்கள்தான் அதிகம் என்பதால் நாலாவது ஐந்தாவது முயற்சியில் பிடித்துவிடுவார். பின்னால் வரிசை நின்றாலும் கவலைப்பட மாட்டார்.

ஆடி பிறந்து சில நாளில் ருக்குமணி வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பனியன் கம்பெனியில் பனியனை மடித்து அடுக்கும் வேலை. கூட ஒரு வயதான அம்மாள். தாயார் என்று நினைத்தேன். மாமியார்.

ரங்கசாமி ஆரம்பித்தார். "சாமி பேருங்களா?" ருக்குமணி தலையாட்டவில்லை. ஆறுமுகத்தில் ஆரம்பித்து முருகன் பெயர் எல்லாம் தீர்ந்தது. சிவன் பெயருக்குப் போனார். பெருமாளுக்குப் போனார். குலதெய்வங்களுக்கும் போய்விட்டார். அந்த மேஜையில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது அவள் மெதுவாக, "அவரு இல்லீங்க. ரெண்டு வருசமாச்சு" என்றாள்.

ரங்கசாமி பேனாவை மூடினார். கெட்ட மனுஷன் இல்லை. "அப்ப இங்க எழுத முடியாது தாயி. பெரிய டாக்டரைப் பாரு" என்றார். அவள் அழுதுகொண்டே, எதிரே வந்த டாக்டரம்மாவைக் கடந்து வெளியே போனாள். மாமியார் வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஒரு பேரைச் சொல்லிப்போட்டு வாயை மூடீட்டு நின்னிருந்தா ஆயிருக்குமில்ல? அவன் உசுரோட இருக்கறானா இல்லையான்னு அந்த ஆளு என்ன நம்ம ஊட்டுக்கு வந்தா பாக்கப் போறான்? பெரிய சத்தியவதி!"

"செத்தவரு பேருல இதை எழுதச் சொல்றீங்களா அத்தை? அவரு பாவமுங்க. அவருக்கும் இதுக்கும் என்ன?"

இறந்தவன் மாமியாரின் மகன். அவள் முந்தானையை எடுத்து ருக்குமணியின் முகத்தைத் துடைத்துவிட்டு, "மூக்கைச் சீந்து, உள்ளே போலாம்" என்றாள்.

பெரிய டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் சட்டத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார். கருத்தடை தவறிப்போய்க் கர்ப்பமானால் கலைக்கலாம் என்ற பிரிவில் 'மணமான பெண்' என்று இருந்தது. அதற்கு மேலே கோடு போட்டுக் காட்டினார். "பலாத்காரம்னா வேற பிரிவு இருக்கு. அப்படின்னா போலீஸுக்குச் சொல்லணும். பலாத்காரமா?" என்று என்னிடம் கேட்டார். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

அவளை டாக்டரம்மா அறைக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு, "மூணாம் மாசம் முடியப் போகுது சிஸ்டர்" என்று என் காதில் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. மூன்று மாதத்துக்குள் ஒரு டாக்டர் போதும். தாண்டிவிட்டால் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது டாக்டர் பெரிய டாக்டர்தான். அவரிடம் முடியாவிட்டால் ஊரில் எருக்கங்குச்சிக்காரிகள் இன்னும் இருந்தார்கள். அவர்கள் புருஷன் பெயர் கேட்பதில்லை.

டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "என்ன நடந்துச்சும்மா?" குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்தார்.

இரண்டாவது தடவை சோப்புப் போட்டபோது ருக்குமணி பேசினாள்.

"அந்த டாக்டரு சொன்ன மாதிரி இல்லீங்க. எங்கூடப் பழகினவரு அப்படிப்பட்டவரு இல்ல. எனக்கும் சம்மதந்தானுங்க. இப்ப வேண்டாங்கறதும் நாந்தானுங்க. எனக்கு ஒரு புள்ள இருக்குது. இது தெரிஞ்சா கம்பெனியில வெக்க மாட்டாங்க. பங்காளிக ஊட்டை விட்டுத் தொரத்தீருவாங்க. எங்கத்தை மட்டுந்தான் கூட நிக்குது. அதுக்கும் என்னை விட்டா நாதி இல்லீங்க."

டாக்டரம்மா கை துடைத்தார். திரும்பி அவளைப் பார்த்தார். மன நலம் கெடும் என்றால் கலைக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. அவள் வாழ்கிற சூழ்நிலையையும் கணக்கில் எடுக்கலாம். இது பெரிய டாக்டர் வாசித்த அதே பக்கத்தில்தான் இருந்தது. டாக்டரம்மா அவரிடம் போய்ச் சொன்னார். பெரிய டாக்டர் மறுக்கவில்லை. "சட்டம் இடம் கொடுக்கலாம். என் ஆஸ்பத்திரியில கணவர் பேர் இல்லாம படுக்கை கிடையாது. அது பழைய விதி" என்று முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆலோசனைக் குழு கூட்டம். வாசலுக்குக் குழல் விளக்கு போடுவது பற்றிப் பேசத்தான் கூட்டியிருந்தார்கள். விளக்கு முடிந்ததும் டாக்டரம்மா, "ஒரு சின்ன விஷயம்" என்றார்.

"நான் வெளியூர்க்காரி. தப்பா இருந்தா மன்னிச்சுக்கணும். இந்த ஊர்ப் பெண்கள் கணவர் பேரைச் சொல்றதில்லைன்னு எனக்குத் தெரியும். நம்ம ஆபீஸ்ல நாலு ஆம்பளைங்க நிக்கற வரிசையில அவங்களை நிறுத்தி வெச்சு அந்தப் பேரைக் கேக்கறாங்க. சொல்லலைன்னா ஒவ்வொரு பேரா ஏலம் போடறாங்க. இந்த வாரம் ஒரு பொண்ணு அழுதுட்டே வெளியே போச்சு. நானே பார்த்தேன். ஊர் மரபை மதிக்காத ஆஸ்பத்திரின்னு நமக்குப் பேர் வந்துடுமோன்னு கவலையா இருக்கு."

நாச்சிமுத்து காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அழுதுதுங்களா? ஆரு ஊட்டுப் பொண்ணுங்க?"

"பேர் கேட்கலை" என்றார் டாக்டரம்மா.

"கேக்காதீங்க. கேக்கவே கூடாதுங்க. எங்கய்யன் பேரு பழனியப்பனுங்க. எங்கம்மா சாகற வரைக்கும் பழனின்னு சொன்னதில்ல. அந்த மலை அந்த மலைன்னே சொல்லும். ஒருக்கா எங்கம்மா தனியா கௌம்பி, பஸ்காரன்கிட்ட 'அந்த மலைக்கு ஒரு டிக்கெட்'டுன்னு கேட்டு, அவன் சென்னிமலையில கொண்டு போய் எறக்கி உட்டுட்டான். எறங்கி அங்கயே சாமி கும்பிட்டுட்டு வந்துது. அப்படிப்பட்ட பொம்பளைகளுங்க எங்க பொம்பளைக. அவங்களை வரிசையில நிறுத்திப் பேரைக் கேக்கறதா? இது என்னுங்க அக்கிரமம்?"

பெரிய டாக்டர் எச்சரிக்கையாக, "விதின்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"விதி பெரிசுங்களா, எங்க பொம்பளைக மானம் பெரிசுங்களா?"

புலவர் எழுந்து நின்றார். கற்பின் பெருமை பற்றிப் பேசினார். தமிழ் மகளிர் நாணம் பற்றிப் பேசினார். மூன்று கூட்டத்தில் ஒரு போர்டுக்கு வார்த்தை கிடைக்காதவருக்கு அன்று வார்த்தை கொட்டியது. தீர்மானத்தை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இவ்வட்டாரக் குலமாதரின் நாணத்துக்கும் மரபுக்கும் இழுக்கு நேராவண்ணம், மகளிர் பிரிவில் சேரும் பெண்களிடம் கணவர் பெயர் இனி கேட்கப்படலாகாது. அவரவர் பெயர் மட்டும் போதும். அப்படித்தான் இருந்தது. நாச்சிமுத்து வழிமொழிந்தார். பெரிய டாக்டர் டாக்டரம்மாவை ஒரு முறை பார்த்தார். டாக்டரம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, தாலி அறுத்தவளா என்ற கேள்வியையே எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கற்பின் பெயரால் துடைத்து எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் உரிமை என்ற சொல் வரவில்லை. வந்திருந்தால் நாச்சிமுத்து எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'விதவை' என்ற சொல் வந்திருந்தாலும் அதே கதிதான். டாக்டரம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிடித்த சொற்களை அவர்கள் முன்னால் எடுத்து வைத்தார். மற்றதை அந்தச் சொற்களே செய்தன. வகுப்பில் சண்டை போட்ட பெண்கள் இதைக் கேட்டால் குறுக்கு வழி என்பார்கள். குறுக்கு வழிதான். ருக்குமணிக்கு நேர்வழியில் நாள் இல்லை. ஆனால் எனக்கும் அன்று ஒரு சங்கடம் இருந்தது. நாணத்துக்கும் மானத்துக்கும் மரியாதை செய்து தீர்மானம் போட்டோம். குழாயடியில் அவள் சொன்னதற்கு, "எனக்கும் சம்மதந்தானுங்க, வேண்டாங்கறதும் நாந்தானுங்க" என்றதற்கு, தீர்மானத்தில் இடமே இல்லை.

செவ்வாய்க்கிழமை ருக்குமணி வந்தாள். ரங்கசாமி பெயர் கேட்டார், வயது கேட்டார். பழக்கத்தில் "சாமி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் முகம் வாடியே இருந்தது.

வராந்தாவில் பெரிய டாக்டர் என்னை நிறுத்தினார். "சிஸ்டர், உள்ளே போனது அன்னைக்கு வந்த அதே பொண்ணுதானே? அது கல்யாணம்..."

"அதை நாம கேக்கக் கூடாதுன்னு தீர்மானமுங்க சார்."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தார். பிறகு, "அந்தம்மா தஞ்சாவூர்ல பொறந்தது யாரு செஞ்ச புண்ணியமோ" என்று சொல்லிக்கொண்டே போனார். யாருடைய புண்ணியம் என்று அவர் நினைத்தார் என்பதை இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தை அவர் ஓய்வு பெறும் வரை மாற்றவில்லை.

டாக்டரம்மாதான் செய்தார். சிக்கல் இல்லாமல் முடிந்தது. மத்தியானம் அவளை வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தோம். மாமியார் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண், நான்கைந்து பிள்ளை பெற்ற உடம்பு, எழுந்து உட்கார்ந்து விசாரித்தாள்.

"என்னுங்க உங்க மருமகளுக்கு?"

"அது ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாளா வெயில்ல அலைஞ்சுது, சூட்டுக்கு..." என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"இல்லீங்க அக்கா" என்றாள் ருக்குமணி. கண்ணைத் திறக்கவில்லை. "உண்டாயிருந்தனுங்க. வேண்டாம்னு எடுத்துட்டேன்."

மாமியாரின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. நான் காய்ச்சல் பார்க்கும் குழாயை உதறிக்கொண்டே நின்றேன். பதினாலு வருஷ வேலையில் அந்த வாக்கியத்தை வார்டில் நான் கேட்டதில்லை. அதில் கொலையும் இல்லை, உரிமையும் இல்லை, வழுக்கி விழுந்ததும் இல்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி வாசல் பக்கம் பார்த்தாள். அவள் வீட்டு ஆட்கள் யாரும் இல்லை. போர்வையை ஒதுக்கிவிட்டு மெதுவாக இறங்கி, ருக்குமணியின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு இங்க ஆரைக் கேக்கணும் கண்ணு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்குமணி கையை நீட்டி டாக்டரம்மாவின் அறைக் கதவைக் காட்டினாள்.